88 கட்டைக் கீபோர்டைத் தூக்க முடியவில்லை, 61 கட்டையில் வாசிக்க வரவில்லை: என்ன செய்யலாம்?

வெள்ளைக்கட்டை எழுதியது:

நான்கு பேர் கொண்ட இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். மாதம் ஐந்தாறு நிகழ்ச்சி இருக்கும். எட்டு வருடமாக 88 கட்டை உள்ள வெயிட்டட் (பியானோ போல அழுத்தக் கனமான கட்டைகள் உள்ள) கீபோர்டுதான். அதன் எடை மட்டும் 21 கிலோ. போன வருடம் மாடிப்படியில் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் படுக்கை. "இனி இந்த மாதிரி எடையைத் தனியாகத் தூக்காதீர்கள்" என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சரி என்று 6 கிலோவில் 61 கட்டை ஒன்று வாங்கினேன். சிந்த் ஆக்‌ஷன். அதாவது ஸ்பிரிங் வைத்த லேசான கட்டைகள். இடுப்பு சந்தோஷமாக இருக்கிறது, கைதான் இல்லை. மெதுவான பாட்டின் முன்னிசையில் மெல்லத் தொட்டால் சில சுரங்கள் காதில் விழுவதே இல்லை. கொஞ்சம் அழுத்தினால் குதித்துக்கொண்டு வெளியே வருகின்றன. நடுவில் எதுவும் கிடைப்பதில்லை. இரண்டு மணி நேரம் வாசித்தால் மணிக்கட்டும் வலிக்கிறது. கனமான கட்டையில் வராத வலி லேசான கட்டையில் எப்படி வரும் என்பது எனக்குப் புரியவில்லை.

நான் வாசிப்பதில் முக்கால்வாசி பியானோ, மீதி ஆர்கனும் ஸ்ட்ரிங்ஸும். பழகினால் சரியாகுமா, அல்லது இதை விற்றுவிட்டு 73 கட்டை மாதிரி நடுவில் ஒன்றுக்குப் போகவேண்டுமா?

ஒலிக்கூடம்:

விற்பதற்கு முன்னால் வெலாசிட்டி கர்வை (கட்டை இறங்கும் வேகத்துக்கு எவ்வளவு சத்தம் என்ற அமைப்பை) பாருங்கள். பாதிப் பேர் அந்த மெனுவைத் திறப்பதே இல்லை.

நீங்கள் எவ்வளவு பலமாக அழுத்துகிறீர்கள் என்பதைக் கீபோர்டு அளப்பதில்லை. கட்டைக்கு அடியில் இரண்டு தொடுமுனைகள் உண்டு. முதலாவதைத் தொட்டு இரண்டாவதைத் தொட எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்து, அதை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றுகிறது. எட்டு வருடம் கனமான கட்டையைத் தள்ளிப் பழகிய விரல், தடையே இல்லாத கட்டையை அதே பலத்தோடு தள்ளினால் அது மின்னல் வேகத்தில் கீழே போகும். எண் 110, 120 என்று ஏறிவிடும். "ஐயோ, சத்தம்" என்று பயந்து விரலைப் பின்னுக்கு இழுத்தால் 30க்கு விழும். நடு இடம் கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கீபோர்டு அனுப்பும் இந்த எண்களை (மிடி) காட்டும் மென்பொருள் ஏதாவது ஒன்றில் இணைத்து ஒரே சுரவரிசையை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக வாசித்துப் பாருங்கள். நடுத்தரமே 100ஐத் தாண்டினால் கர்வை ஹார்டு அல்லது ஹெவி பக்கம் மாற்றுங்கள். கொஞ்சம் பொறுமை இருந்தால் பியானோ பேட்ச் (கீபோர்டில் உள்ள ஒலி) ஒவ்வொன்றிலும் தனியாகவே சரிசெய்யலாம்.

மணிக்கட்டு விஷயம்: மேடையில் உங்கள் சத்தம் உங்களுக்கே சரியாகக் கேட்கிறதா? கேட்காவிட்டால் எல்லோரும் இடிப்போம். கனமான கட்டை அந்த இடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். லேசான கட்டையில் விரல் நேராக அடிப்பலகையில் போய் முட்டும், அந்த அதிர்ச்சி கைக்குத் திரும்பும். மானிட்டரை (மேடையில் உங்களுக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கரை) கூட்டச் சொல்லுங்கள். ஸ்டாண்டு உயரத்தையும் பாருங்கள். எக்ஸ் ஸ்டாண்டில் சின்னக் கீபோர்டுக்காகக் கால்களை நெருக்கி வைத்தால் உயரமும் கூடிவிடும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தபடி வாசித்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று சந்தேகம்.

பழைய ஆர்கன்காரன்:

21 கிலோவுக்கே இந்தப் பாடா என்று கேட்க ஆசைதான். ரோட்ஸ் ஸ்டேஜ் 73 என்ற பழைய மின்பியானோ கிட்டத்தட்ட 60 கிலோ. ஹேமண்ட் பி-3 ஆர்கனைப் பெஞ்சும் கால்கட்டைகளும் சேர்த்து நிறுத்தால் 190 கிலோவைத் தாண்டும். அதையெல்லாம் மேடை மேடையாகத் தூக்கியவர்கள் உண்டு. அவர்களுடைய இடுப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான். நானும் அந்த வீரத்தைக் கொஞ்சம் காட்டி இப்போது பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பிசியோ சொன்னதைக் கேளுங்கள்.

கீபோர்டின் எடை என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பையோடு, பெடலோடு, பவர் அடாப்டரோடு, நிகழ்ச்சிக்குப் போகும் நிலையில் எடைபோடும் கருவியில் நிறுங்கள். ஒரே தடவையில் தூக்கவேண்டிய மிகப் பெரிய சுமை எது என்பதுதான் கேள்வி. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி சமதளத்தில் சொர்க்கம், படிக்கட்டில் அதுவும் சேர்ந்து உங்கள் தோளில் ஏறும்.

நீளத்தையும் மறக்கவேண்டாம். 88 என்றால் ஏறக்குறைய 130 சென்டிமீட்டர். காரின் பின்சீட்டில் குறுக்காக வைக்கத் திண்டாடவேண்டும். விமானத்தில் இன்னும் மோசம்: பல நிறுவனங்கள் ஒரு பொருளுக்கு 32 கிலோவை உச்சவரம்பாக வைத்திருக்கின்றன, நீளம் அகலம் உயரம் மூன்றும் கூட்டி 158 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய சாமான் கணக்கில் போகும். 88 கட்டை பைக்குள் போனால் தாண்டாமல் இருக்காது.

ஆர்கன் வாசிக்கிறீர்கள் என்பதால் ஒன்று: கட்டையின் முன்விளிம்பு நீட்டிக்கொண்டில்லாமல் நேராக இறங்கும் வாட்டர்ஃபால் வகைதான் கைக்கு நல்லது. ஹேமர் ஆக்‌ஷனில் (பியானோ மாதிரி உள்ளே சுத்தியல் உள்ள கட்டைகளில்) உள்ளங்கையால் இழுத்துப் பாருங்கள், தோல் உரியும். முக்கால்வாசி பியானோ என்பதால் நீங்கள் இதை விட்டுக்கொடுக்கலாம். நான் மாட்டேன்.

பியானோ ஆசிரியை:

"வெயிட்டட்" என்ற ஒரே சொல்லில் பல விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. கிராண்ட் பியானோவில் கட்டையின் முன்விளிம்பை மெல்லக் கீழே இறக்க ஏறக்குறைய 50 கிராம் வேண்டும். டிஜிட்டல் பியானோக்கள் பலவும் அந்த எண்ணை எட்டிப்பிடிக்கின்றன. ஆனால் நம் விரல் எப்போதும் முன்விளிம்பிலேயே இருப்பதில்லையே.

பூங்காவில் சீசா (இரு பக்கமும் ஏறி இறங்கும் பலகை) ஆடிய ஞாபகம் இருக்கிறதா? நுனியில் உட்கார்ந்தால் எளிதாக இறங்கும். நடுவை நெருங்க நெருங்க எதிர்ப்பக்கத்தைத் தூக்கவே முடியாது. கட்டையும் அப்படித்தான். கிராண்டில் கட்டையின் சுழல்மையம் வெகுதூரம் உள்ளே இருக்கிறது, அதனால் கருப்புக் கட்டைகளுக்கு நடுவே விரலை நுழைத்து வாசித்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. தூக்க வசதியாக உடம்பை மெலிதாக்கிய கீபோர்டில் அந்த மையம் வெகு அருகில் வந்துவிடும். உள்பக்கம் அழுத்தினால் கல்லை அழுத்துவது போல இருக்கும். எடை குறைந்ததற்கு நாம் கொடுக்கும் விலை பல நேரம் இங்கேதான், கட்டையின் கனத்தில் இல்லை.

ஆகவே கடையில் சி மேஜரில் வாசித்துப் பார்த்துவிட்டு மயங்காதீர்கள். டி ஃபிளாட் மேஜர், ஈ ஃபிளாட் மைனர் மாதிரி கருப்புக் கட்டை நிறைந்த கார்டுகளை உள்ளே தள்ளி மெதுவாக வாசியுங்கள். அப்புறம் ஒரே சுரத்தை விரல் மாற்றி மாற்றி வேகமாக. கட்டை முழுதும் மேலே வராமலே மறுபடி ஒலிக்கிறதா என்று பாருங்கள், மூன்று சென்சார் உள்ளவற்றில் இது நன்றாக வரும். முதல் இரண்டு நிமிடத்தில் எல்லாக் கட்டையும் இனிக்கும். அரை மணி நேரம் கேளுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

செமி-வெயிட்டட் என்பது வேறு. அங்கே சுத்தியல் கிடையாது. ஸ்பிரிங்தான், கட்டையின் நுனியில் கொஞ்சம் பளு சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

இடதுகை:

எண்கள் இருந்தால் பேச எளிது, சில கீபோர்டு மாடல்களின் எடை எனக்கு நினைவில் இருப்பவை: ரோலண்ட் ஆர்டி-2000 21.7 கிலோ, ஆர்டி-88 13.5. யமஹா சிபி88 18.6, அதன் தம்பி சிபி73 13.1. கேசியோ பிஎக்ஸ்-எஸ்1000 88 கட்டையோடு 11.2. லேசான பக்கம் யமஹா ஒய்சி61 7.1, சிகே61 5.6. அதாவது ஹேமர் ஆக்‌ஷன் வேண்டுமென்றால் 11 முதல் 14 கிலோ என்ற ஒரு பட்டை இருக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் சுத்தியலை விட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும்.

73 கட்டையில் என்ன இழப்பீர்கள் என்று யோசித்தால், பழைய ரோட்ஸ் 73 தொடங்குவது பேஸ் கிதாரின் கீழ்த்தந்தி ஒலிக்கும் அதே ஈ சுரத்தில். குழுவில் பேஸ் வாசிப்பவர் இருந்தால் அதற்குக் கீழே உங்களுக்கு என்ன வேலை? அவர் உங்களை நன்றியோடு பார்ப்பார்.

வெள்ளைக்கட்டை:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் செய்தேன்.

வெலாசிட்டி: ஒலிக்கூடம் சொன்னது அப்படியே. நான் நடுத்தரம் என்று நினைத்து வாசித்ததெல்லாம் 105க்கு மேல். கர்வை மாற்றியதும் குதிப்பது பெருமளவு அடங்கிவிட்டது. ஸ்டாண்டை நான்கு விரற்கடை இறக்கினேன், மானிட்டரைக் கூட்டச் சொன்னேன். போன நிகழ்ச்சி முடிந்து மணிக்கட்டில் வலி இல்லை. ஆனால் மெதுவான முன்னிசை இன்னும் என் கைக்கு வரவில்லை. விரலுக்கு அடியில் எதிர்ப்பு இருந்தால்தான் எனக்கு மெதுவாக வாசிக்கவே தெரிகிறது போலும்.

எடை: பழைய கீபோர்டைப் பையோடு நிறுத்தேன். 30 கிலோ! பக்கப் பையில் இரண்டு பெடல், மூன்று அடாப்டர் (ஒன்று எதனுடையது என்றே தெரியவில்லை), கேபிள்கள், பாட்டுக் குறிப்புக் கோப்பு ஒன்று. எட்டு வருடமாக இதையும் தூக்கியிருக்கிறேன்.

கடைக்குப் போய் இரண்டு வாசித்தேன். மெலிதான 88 ஒன்று, 11 கிலோ வகை. முதலில் மனம் அதில்தான் போயிற்று. ஆசிரியை சொன்ன டி ஃபிளாட் சோதனையில் கால் மணி நேரத்தில் நான்காம் விரல் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. அடுத்தது 13 கிலோவில் 73 கட்டை, ஹேமர் ஆக்‌ஷன். அதில் உள்ளே போனாலும் கட்டை கூடவே வந்தது. அதையே எடுத்துவிட்டேன். பையோடு 16 கிலோ. சில்லறைச் சாமான்கள் எல்லாம் தனிப் பையில், இரண்டாவது நடையில். 61ஐ விற்கவில்லை, ஒத்திகைக்கு அதுதான்.

ஒரே ஒரு புதுத் தொல்லை. நேற்று மேடையில் சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்தது. மிதித்தால் ஒலி நிற்கிறது, காலை எடுத்தால் நீள்கிறது. பெடல் பழுதா?

ஒலிக்கூடம்:

பழுதாக இருக்காது. பெடல் எந்தத் திசையில் வேலை செய்யும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பல கீபோர்டுகள் ஆன் செய்யும் அந்த நொடியில் பெடலின் நிலையைப் பார்த்து "இதுதான் மிதிக்காத நிலை" என்று எடுத்துக்கொள்ளும். ஆன் செய்யும்போது பெடல் மிதிபட்டிருந்ததா?

வெள்ளைக்கட்டை:

இருந்தது. சாமான் பையை அதன்மேல்தான் வைத்திருந்தேன்.