தம்பி ரிமாண்ட்ல இருக்கான், 60 நாளா 90 நாளா?

திண்டுக்கல்_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி பெயிண்டிங் வேலைக்குப் போறவன், வேலை பார்த்த வீட்ல நகை காணோம்னு புகார் கொடுத்து இவனைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க, எஃப்ஐஆர்ல பிஎன்எஸ் (புது குற்றவியல் சட்டம்) 305, அதாவது வீட்டுத் திருட்டு செக்ஷன் ஒண்ணுதான் இருக்கு. பெயில் மனு ஒருதடவை தள்ளுபடி ஆயிடுச்சு. ரிமாண்ட் ஆகி 60 நாள் நெருங்குது, போலீஸ் இன்னும் சார்ஜ் ஷீட் (குற்றப்பத்திரிகை) போடல. 60 நாள் ஆனா தானா விட்டுருவாங்கன்னு ஜெயில்ல தம்பியைப் பார்க்கப் போனப்ப ஒரு அம்மா சொன்னாங்க, எங்க தெருவுல ஒருத்தர் இல்ல 90 நாள்ங்கிறார். வக்கீல் போனே எடுக்க மாட்டேங்கிறார். அம்மா சரியா சாப்பிடக்கூட மாட்டேங்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மலைக்கோட்டை_77:
90 நாள்தான் சிஸ்டர். எங்க ஏரியா பையன் ஒருத்தன் அருவா வெட்டு கேஸ்ல உள்ள போனான், 90 நாள் கழிச்சுதான் வெளிய வந்தான்.

கோர்ட்_வராண்டா:
அந்தப் பையன் கேஸ் வேற சார், ஆயுள் தண்டனை வரைக்கும் போகக்கூடிய செக்ஷன் இருந்தா 90 நாள். அக்கா, உங்க தம்பி மேல இருக்கிற 305க்கு அதிகபட்சமே 7 வருஷம்தான், அதனால 60 நாளுக்குள்ள சார்ஜ் ஷீட் வரலைன்னா பெயில் கேக்கிற உரிமை வந்துரும், பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 187(3)ல இருக்கு, பழைய சட்டத்துல 167(2)ன்னு சொல்லுவாங்க. ஆனா தானா யாரும் விட மாட்டாங்க, இதை நல்லா மனசுல வச்சுக்கங்க. நாம மனு போட்டு கேக்கணும், அதுவும் சார்ஜ் ஷீட் கோர்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி கேக்கணும். 60 முடிஞ்சும் கேக்காம விட்டு, 65வது நாள் போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டுட்டா அந்த உரிமை அதோட போச்சு, திரும்பவும் சாதாரண பெயில்தான் கேக்கணும். எத்தனையோ பசங்க இது தெரியாம மாசக்கணக்கா உள்ள கிடக்குறாங்க, பார்க்கவே வயிறு எரியுது.

நாள் கணக்கு அரெஸ்ட் தேதியில இருந்து இல்ல, முதல் ரிமாண்ட் தேதியில இருந்து, அந்த நாளையும் சேர்த்து எண்ணணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஆகஸ்ட் 1 ரிமாண்ட்னா செப்டம்பர் 29 அறுபதாவது நாள், 30ஆம் தேதி காலையில கோர்ட் திறந்ததும் மனு உள்ள போயிடணும். காலையில நீங்க மனு போட்டு சாயங்காலம் போலீஸ் சார்ஜ் ஷீட் கொண்டு வந்தாலும் உங்க உரிமை போகாது, சென்னையில இருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ரவீந்திரன் வழக்குல 2020லயே தீர்ப்பு இருக்கு. முன்னாடி பெயில் தள்ளுபடி ஆனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, இதுல அவன் திருடினானா இல்லையான்னு கோர்ட் பார்க்காது, நாள் முடிஞ்சுச்சா, சார்ஜ் ஷீட் வந்துச்சா, ஜாமீன் கொடுக்க தயாரா இருக்கீங்களா, அவ்வளவுதான்.

மதுரை_வாசகன்:
கொரோனா லாக்டவுன்னால லேட்டுன்னு போலீஸ் சொன்னதைக்கூட சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கல. எங்க மதுரை மாவட்டம் சமயநல்லூர் ஸ்டேஷன் கேஸ், 2020ல காசி வழக்கு. அந்த டைம்லயே பெயில் கொடுக்கச் சொன்னாங்கன்னா பார்த்துக்கங்க.

திண்டுக்கல்_அக்கா:
ரொம்ப நன்றி சார், இப்பதான் மூச்சே வருது. ஆனா வக்கீல் இப்படி இருந்தா மனு யாரு போடுவா? இன்னொரு வக்கீல் வைக்க கையில காசு இல்ல.

கோர்ட்_வராண்டா:
காசே வேணாம். காவல்ல இருக்கிறவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்துலயே இருக்கு. நாளைக்கே மாவட்ட கோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸுக்குப் போங்க, எஃப்ஐஆர் நகல், ரிமாண்ட் தேதி ரெண்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க, முடியலன்னா 15100க்கு போன் பண்ணுங்க. அப்புறம் கடைசி நேரத்துல கூடுதலா ஏதாவது செக்ஷன் சேர்த்திருக்காங்களான்னும், வேற ஸ்டேஷன் கேஸ்ல பி.டி. வாரண்ட் (ஜெயில்ல இருக்கிறவரை இன்னொரு கேஸுக்காக கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்ற உத்தரவு) போட்டிருக்காங்களான்னும் அந்த வக்கீலை விட்டு விசாரிக்கச் சொல்லுங்க, ஏன்னா ஒவ்வொரு கேஸுக்கும் ரிமாண்ட் கணக்கு தனித்தனி, ஒண்ணுல பெயில் வந்தாலும் இன்னொண்ணுல உள்ளயே வச்சிருப்பாங்க.

மலைக்கோட்டை_77:
நான் சொன்னதை விடுங்க சிஸ்டர், அவர் சொல்றபடி பண்ணுங்க. ஷூரிட்டிக்கு, அதாவது ஜாமீன் கையெழுத்துப் போட ரெண்டு பேரை இப்பவே பேசி வச்சுக்கங்க, பெயில் ஆர்டர் கையில வந்தும் ஆள் கிடைக்காம அலையுறவங்க நிறைய.

கோர்ட்_வராண்டா:
ஆமா, அது ரொம்ப முக்கியம். ஷூரிட்டி கிடைக்காம ஒரு மாசம் ஆயிட்டா கண்டிஷனைத் தளர்த்தச் சொல்லி கேக்கலாம், 2023ல சுப்ரீம் கோர்ட் அதுக்கும் வழி சொல்லியிருக்கு. வெளிய வந்தப்புறம் ஸ்டேஷன்ல கையெழுத்து போடச் சொன்னா ஒரு நாள்கூட தவறக் கூடாதுன்னு தம்பிகிட்ட சொல்லுங்க. அப்புறம் சார்ஜ் ஷீட் போட்டுட்டோம்னு மட்டும் காரணம் காட்டி இந்த பெயிலை கேன்சல் பண்ண முடியாது, ஆனா கண்டிஷனை மீறினா பண்ணிருவாங்க. ரிமாண்ட் தேதியை இங்க போடுங்க, நானும் எண்ணிப் பார்த்துச் சொல்றேன்.