பத்து லட்சம் பட்ஜெட்டில் மின்சாரக் கார்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

தாம்பரம்_டியாகோ

எந்தக் கார், என்ன விலை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எனது வண்டி டாடாவின் டியாகோ இவி, 24 கிலோவாட்-ஹவர் பேட்டரி. ஒரு முழுச் சார்ஜுக்குக் கம்பெனி சொன்ன கணக்கு 315 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஏசியோடு 200 வந்தால் நான் திருப்திப்படுவேன். சேலத்துக்குப் போகும் வழியில் உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு வேகச் சார்ஜரை நம்பிப் போனேன். ஆப்பில் பச்சைப் புள்ளி, "காலியாக உள்ளது". நேரில் போனால் மெஷின் செத்துக் கிடக்கிறது, திரையில் வெளிச்சமே இல்லை. உதவி எண்ணில் கூப்பிட்டால், தங்கள் சிஸ்டத்தில் நன்றாக வேலை செய்வதாகக் காட்டுகிறதாம். அடுத்த சார்ஜர் வரை போகும் அளவுக்கு வண்டியில் சார்ஜ் இல்லை. ஆறு சதவீதம். பின்சீட்டில் குழந்தைகள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு மாவு மில் இருந்தது. அங்கிருந்த அக்காவிடம் கேட்டேன். "15 ஆம்ப் பிளக்தானே, மாட்டிக்கங்க தம்பி" என்றார். மாட்டினேன். வண்டியோடு வரும் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு. எர்த் இல்லை என்று அர்த்தம். நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் விளக்கைப் பார்த்தார், "எர்த்தா?" என்று மட்டும் கேட்டார், ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு மில்லின் பின்பக்கம் போனார். எர்த் குழியில் ஊற்றிவிட்டு வந்து, "மழை பேஞ்சு மாசமாச்சு, காஞ்சு கெடக்கு. இப்பப் போடுங்க" என்றார்.

பச்சை விளக்கு எரிந்தது.

அடுத்த சார்ஜர் வரை போகும் அளவுக்கு ஏற மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தோம். குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டார். காசு வாங்க மறுத்தார், கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தேன். நெடுஞ்சாலையில் லட்சக்கணக்கில் செலவழித்து நிறுவிய மெஷின் ஊமையாகக் கிடக்க, அந்த அக்காவின் ஒரு வாளித் தண்ணீர்தான் எங்களைச் சேலத்துக்குக் கொண்டு சேர்த்தது. ரேஞ்ச், ஸ்டைல் என்று யார் ஒப்பிட்டாலும் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

மாம்பலம்வாசி

நான் நெடுஞ்சாலைப் பக்கமே போவதில்லை. எம்ஜி காமெட் என்ற சின்ன மின்சாரக் கார் வைத்திருக்கிறேன். நீளம் மூன்று மீட்டருக்கும் குறைவு, இரண்டே கதவு, 17.3 கிலோவாட்-ஹவர். பார்க்கிறவர்கள் "பொம்மைக் கார்" என்கிறார்கள். எனக்கு அது உறைப்பதில்லை. காரணம் என் அம்மா.

அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆனது. கார் வாங்கப் போன இடங்களில் அழகான, தாழ்வான வண்டிகளில் உட்கார வைத்தால் எழுந்திருக்கவே முடியவில்லை, இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. காமெட்டில் சீட் நாற்காலி உயரத்தில் இருக்கிறது. அம்மா தானே கதவைத் திறந்தாள், தானே உட்கார்ந்தாள், பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு "போலாம்டி" என்றாள். அந்தக் குரலுக்காகத்தான் வாங்கினேன். குறையும் உண்டு. கதவு நீளம், பேஸ்மென்ட்டில் தூண் பக்கத்தில் நிறுத்தினால் பாதிதான் திறக்கும். அம்மாவை வாசலிலேயே இறக்கிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவேன். என் வண்டியில் வேகச் சார்ஜ் வசதி கிடையாது, ராத்திரி மாட்டினால் காலையில் முழுசாக இருக்கும். உஸ்மான் ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இது போதும்.

சேலத்துக்காரன்

தாம்பரம் அண்ணா, தப்பாக எடுத்துக்காதீர்கள், இது சார்ஜர் பிரச்சினை மட்டும் இல்லை. சின்ன பேட்டரியோடு நெடுஞ்சாலைக்கு வந்தால் ஒரே ஒரு சார்ஜரை நம்பித்தான் போக வேண்டியிருக்கும். என்னுடையது டாடா பஞ்ச் இவி, 35 கிலோவாட்-ஹவர். ஒன்று வேலை செய்யாவிட்டால் அடுத்ததுக்குப் போகச் சார்ஜ் மிச்சம் இருக்கும். சார்ஜ் துளை முன்பக்கம் இருப்பதும் பெரிய சௌகரியம், மூக்கை நீட்டி நிறுத்தினால் கேபிள் எட்டிவிடும்.

என் சம்பவம் ஏற்காட்டில். லாட்ஜில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறி, காலையில் 100 சதவீதம். இறங்க ஆரம்பித்து முதல் கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறேன், வண்டி பிடிக்கவில்லை. வழக்கமாக ரீஜென், அதாவது வண்டியின் வேகத்தைக் கரண்ட்டாக மாற்றிப் பேட்டரிக்கு அனுப்பும் வசதி, இழுத்துப் பிடிக்கும். நிரம்பிய பேட்டரி மேற்கொண்டு கரண்ட்டை எடுத்துக்கொள்ளாது, எந்த மின்சார வண்டிக்கும் இதுதான் நிலைமை. பெட்ரோல் வண்டியென்றால் இரண்டாம் கியரில் இறங்கலாம், இதில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. இருபது வளைவையும் பிரேக்கை நம்பியே இறங்கினேன். பக்கத்தில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. மேலே தங்குகிறவர்கள் 85-க்கு மேல் ஏற்றாதீர்கள். அப்படி இறங்கினால் அடிவாரத்தில் சார்ஜ் கூடியே இருக்கும்.

ஓய்வுபெற்ற_வயர்மேன்

மாவு மில் அம்மாவுக்கு என் வணக்கம். எங்கள் ஊர்த் திருவிழா ராத்திரியில் மருமகன் வண்டிக்கும் இதே சிவப்பு விளக்கு வந்தது. ஊரெல்லாம் சீரியல் லைட், வோல்டேஜ் விழுந்து கிடந்தது. பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. உடனே கழற்றிவிட்டேன்.

இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். குழியில் தண்ணீர் ஊற்றுவது அன்றைக்கு மட்டும்தான் தாங்கும். மண் காய்ந்தால் மறுபடி சிவப்புதான். வீட்டில் சார்ஜ் போடுகிறவர்கள் குழியைத் தோண்டிக் கம்பி இணைப்பு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்து, உப்பும் கரியும் புதிதாகப் போட்டு, வெயில் காலத்தில் அவ்வப்போது தண்ணீர் விடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட் காட்டுகிறது என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ கோளாறு.

அப்புறம், 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியர் இழுக்கும். கிரைண்டர் அரை மணி ஓடி நின்றுவிடும். இது எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். அதனால் மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், அதிகக் கரண்ட் போனால் அணைக்கும் தனி எம்சிபி, கூடவே கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஆர்சிசிபி போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம். சார்ஜ் எர்த் இல்லாமலும் ஏறுவதற்கு டூப்ளிகேட் பின் விற்கிறார்கள், வாங்காதீர்கள். அந்தச் சிவப்பு விளக்கு உங்கள் பிள்ளை காரைத் தொடும்போது ஷாக் அடிக்காமல் காப்பதற்காக எரிகிறது.

இன்னொன்று பில். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் கிடைத்த குறைந்த கட்டணமும் போய்விடும். வண்டி வாங்கும் முன் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே 400-ஐத் தொடுகிறவர்கள் அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

யாழ்_வாசகன்

எங்கட பக்கம் கதை வேற. 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தினவை, 2025 பெப்ரவரியில்தான் திறந்தவை. இடையில் மலிவான மின்சாரக் கார் எண்டால் ஜப்பானில் ஓடி முடிஞ்சு முன்னமே வந்தவைதான். நான் ஒண்டு பார்க்கப் போனேன். வெளியில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, டாஷ்போர்ட்டில் பற்றரியின்ர நலத்தைக் காட்டுற கோடுகள் முழுக்க நிக்குது. கூட வந்த மெக்கானிக் அண்ணை ஒண்டும் கதைக்கேல்லை, காரின்ர கணினியைப் படிக்கிற ஓபிடி கருவியைச் செருகி போனை என் கையில் தந்தார். பற்றரியின்ர உண்மையான நலம் 61 சதவீதம். அந்தக் கோடுகளை ரீசெட் பண்ணியிருக்கினம். விற்க வந்தவர் நிலத்தைப் பார்த்தார். அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம், அதுதான் இன்னும் யோசனை. பழையது வாங்குறவர்கள் வடிவைப் பார்க்க முன்னம் அந்த எண்ணைப் பாருங்கோ.

தாம்பரம்_டியாகோ

வயர்மேன் ஐயா, நன்றி. வீட்டு எர்த்தை இந்த வாரமே பார்க்கச் சொல்கிறேன். சேலத்துக்காரரே, பெரிய பேட்டரி நல்லதுதான். ஆனால் நான் வாங்கிய சமயத்தில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட மூன்று லட்சம் வித்தியாசம். என் மாதிரி சம்பளக்காரனுக்கு அது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். சார்ஜர் சரியாக இருந்திருந்தால் 24 தாராளமாகப் போதும். பழுதான மெஷினைப் பச்சையாகக் காட்டுகிறவர்களைக் கேட்பதை விட்டுவிட்டு என்னைப் பெரிய பேட்டரி வாங்கச் சொல்வது நியாயமில்லை.

சேலத்துக்காரன்

மூன்று லட்சம் பெரிய தொகை, அதை மறுக்கவில்லை. ஆனாலும் சார்ஜர்காரர்கள் திருந்தும் வரை நாம் ரோட்டில் போய்த்தானே ஆக வேண்டும்? மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனாலே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும், சார்ஜும் சீக்கிரம் இறங்கும். குழந்தைகளோடு போகும்போது அவசரம் என்றால் உங்களால் 80-லேயே போக முடியுமா? வருஷத்துக்கு எத்தனை தடவை சேலம் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், அதை வைத்துப் பேசலாம்.