ஆபரேஷனுக்குப் பிறகு சொல்லிக்கொடுத்தவை: உங்கள் அனுபவம்?

ராத்திரி டூட்டி:
பைபாஸ் முடிந்த ஒரு பெரியவர். நுரையீரலில் சளி தங்கக் கூடாதே என்று மூன்று பந்து கருவியைக் கொடுத்து, "ஐயா, மூச்சை உள்ளே இழுங்க, பந்து மேலே போகணும்" என்று சொல்லியாகிவிட்டது. தலையாட்டினார். மறுநாள் பார்த்தால் கன்னம் புடைக்க ஊதிக்கொண்டிருக்கிறார். பந்து அசையவில்லை. "இது ரிப்பேர் சிஸ்டர், வேற குடுங்க." பக்கத்துப் படுக்கைக்காரர்தான் அப்படி ஊதக் கற்றுக்கொடுத்தாராம்! அப்புறம் யாரிடமும் "புரிஞ்சுதா?" என்று நான் கேட்பதில்லை. "எங்கே, செஞ்சு காட்டுங்க" என்பதோடு சரி.

மூத்தமகள்:
அம்மாவுக்கு முழங்கால் மாற்று. டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் அவசரத்தில் ஒரு தாளைக் கையில் திணித்தார்கள். வீட்டுக்கு வந்த அத்தை, "பாவம் அண்ணி" என்று தலையணையை மடித்து முட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோ வந்து பார்த்தபோது காலை முழுசாக நீட்ட முடியவில்லை. தலையணையை உருவிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். அம்மா அவரை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

கோவைக்காரன்:
மூத்தமகள், தாள் கொடுத்தார்கள் இல்லையா? படிக்காமல் ஆஸ்பத்திரியைக் குறை சொன்னால் எப்படி? என் மச்சானும் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, தையல் பிரிந்துவிடும் என்ற பயத்தில் இருமலை அடக்கியே கிடந்தான். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமலாம் என்று தாளிலேயே இருந்தது. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்: படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள், இல்லாவிட்டால் கெண்டைக்கால் நரம்புக்குள் ரத்தம் உறைந்துவிடலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தையலில் மஞ்சள், விபூதி எதுவும் வேண்டாம். முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பதெல்லாம் சும்மா. புண் ஆறப் புரதம் வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். பீடி, சிகரெட்டைத் தொடவே தொடாதீர்கள்.

மூத்தமகள்:
அண்ணா, தாள் முழுக்க இங்கிலீஷ். அம்மா ஐந்தாம் வகுப்பு, அத்தை அதுவும் இல்லை. நான் மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். யார் படிப்பது?

ராத்திரி டூட்டி:
அதுதான். அத்தையையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்வது அவர்தானே.

கோவைக்காரன்:
சரி, அத்தைக்கும் சொல்லட்டும். ஆனால் மஞ்சள் வேண்டாம்.