காலையில் மஞ்சள் பச்சையாக வருகிறது

கேள்வி:
பேனர், வினைல் அச்சடிக்கும் ஈகோ சால்வென்ட் பிரிண்டர், 64 அங்குல அகலம். காலையில் முதல் பிரிண்டில் மஞ்சள் பச்சையாக விழுகிறது. இரண்டு அடி ஓடியதும் தெளிந்துவிடும். நாசில் செக்கில் (இங்க் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைப் பிரிண்ட்) ஒரு கோடுகூட விடுபடவில்லை. நேற்று மூன்று தடவை ஹெட் (இங்க் தெளிக்கும் பாகம்) கிளீனிங் போட்டேன், ஒவ்வொரு தடவையும் பச்சை கூடத்தான் செய்தது. ஹெட்டை மாற்ற வேண்டியிருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பதில் 1:
ஹெட்டைத் தொடாதீர்கள். ஓட ஓடத் தெளிகிறது என்றால் டியூபில் வரும் இங்க் சுத்தமாக இருக்கிறது. கலப்பு கேப்பில், அதாவது மெஷின் ஓடாதபோது ஹெட்டை மூடி வைக்கும் மூடியில் நடக்கிறது. அங்கே தேங்கும் கழிவு இங்க் இரவெல்லாம் நாசிலைத் தொட்டுக்கொண்டிருந்தால் உள்ளே ஏறிவிடும். மஞ்சள் வெளிர் நிறம், அதனால் அதில்தான் முதலில் தெரியும். கேப்பில் கிளீனிங் திரவம் நிரப்பி, அதை உறிஞ்சி எடுக்கும் பம்பை ஓட்டிப் பாருங்கள். சில நொடிகளில் வடிய வேண்டும்.

பதில் 2:
ஹெட்டின் அடியைத் துடைக்கும் வைப்பரையும் பாருங்கள். அதன் விளிம்பில் இங்க் காய்ந்திருந்தால் ஒரு நிறத்தை அடுத்த நிறத்தின் மேல் இழுத்துப் பூசும். ஓட ஓடக் கலப்பு கூடினால்தான் டேம்பர் (ஹெட்டுக்கு இங்க் போகும் வழியில் உள்ள சிறு பெட்டி) அல்லது ஹெட்டின் உட்கசிவைச் சந்தேகிக்க வேண்டும்.

கேட்டவர்:
பத்து நிமிடமாகியும் திரவம் அப்படியே நின்றது! பம்ப் டியூப் ஒட்டிப்போயிருந்தது. அதை மாற்றினேன், கேப் விளிம்பையும் வைப்பரையும் துடைத்தேன். இன்று காலை முதல் பட்டையே நல்ல மஞ்சள். இருவருக்கும் ரொம்ப நன்றி.