சிறுநீரில் கிருமி, தொந்தரவு எதுவும் இல்லை: மருமகளுக்கு மாத்திரை, எனக்கு ஏன் இல்லை?

தேவகோட்டை வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 58 வயது. சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. என் மருமகள் 15 வாரக் கர்ப்பிணி. போன வாரம் காரைக்குடியில் அவளுடைய பரிசோதனையோடு என்னுடைய வருடாந்திரப் பரிசோதனையையும் முடித்தபோது, இருவருமே சிறுநீர்க் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுத்தோம். மூன்று நாள் கழித்து வந்த இரண்டு அறிக்கைகளிலும், ஒரு மில்லியில் ஒரு லட்சத்துக்கு மேல் ஈ.கோலை கிருமி என்று ஒரே வரி இருந்தது. இருவருக்கும் எரிச்சலோ காய்ச்சலோ இல்லை. ஆனால் அவளுக்கு ஏழு நாளைக்கு நைட்ரோபியூரன்டாயின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சர்க்கரை உள்ளவர்களுக்குத்தானே கிருமி சீக்கிரம் பரவும்?

இன்னொரு கவலையும் இருக்கிறது. இரண்டாம் நாள் சிறுநீர் பழுப்பாகப் போனதைக் கண்டு பயந்து, மருமகள் நேற்றிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டாள். பார்லித் தண்ணீர் போதும் என்று சம்பந்தி ஆச்சியும் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், காரைக்குடி

ஆச்சி, முதலில் மருமகளின் மாத்திரையைக் கவனியுங்கள். அந்த மருந்து சிறுநீரை அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாற்றுவது வழக்கம்தான்; அது இரத்தமும் இல்லை, கெடுதலும் இல்லை. இடையில் நிறுத்தியதை மருத்துவரிடம் இன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி தொடரச் செய்யுங்கள். சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் குமட்டல் குறையும்.

கர்ப்பக் காலத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பையும் அவற்றை, அதிலும் வலப்பக்கத்துக் குழாயை, அழுத்துவதால் சிறுநீர் தேங்கி, சிறுநீர்ப்பையில் சும்மா இருந்த கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்க வழி கிடைக்கிறது. நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் பத்துப் பேருக்கு இப்படி அறிகுறியில்லாத கிருமி இருக்கும். மருந்து கொடுக்காமல் விட்டால் அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகத் தொற்று வரலாம். கொடுத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. குளிர்காய்ச்சலும் வாந்தியுமாக மருத்துவமனையில் சேர்ந்து ஊசி மருந்து ஏற்றிக்கொள்ள நேரிடும் நோய் அது. குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகலாம். பார்லித் தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும், ஆனால் அது இந்த மாத்திரையின் வேலையைச் செய்யாது.

பள்ளத்தூர் மருமகள்

எனக்கு முதல் பிரசவத்தில் இதுதான் நடந்தது. ஐந்தாம் மாதம் கொடுத்த மாத்திரையை, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு நாளோடு விட்டுவிட்டேன். ஏழாம் மாதத்தில் ஒருநாள் இரவு, மூன்று போர்வை போர்த்தியும் நடுக்கம் அடங்கவில்லை; வலது விலாவுக்குக் கீழே கை வைக்க முடியாத வலி. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தேன். குழந்தை நலமாகப் பிறந்தது, ஆனாலும் அந்த இரவை நான் மறக்கவில்லை. தயவுசெய்து உங்கள் மருமகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

சர்க்கரை நோய் மருத்துவர், மதுரை

உங்கள் கேள்விக்கு வருகிறேன், அம்மா. சர்க்கரை உள்ள பெண்களின் சிறுநீரில் இக்கிருமி மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதும், தொற்று என்று வந்துவிட்டால் அது கடுமையாகக்கூடும் என்பதும் உண்மையே. அதனால் தொந்தரவு வருமுன்பே மருந்து கொடுத்துவிடலாம் என்றுதான் மருத்துவர்களும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். கனடாவில் சர்க்கரை நோயுள்ள 105 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மருந்து கொடுத்து மூன்றாண்டு வரை கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. மருந்து பெற்றவர்களுக்குக் கிருமி கொஞ்ச காலம் மறைந்து பிறகு திரும்பிவந்ததே தவிர, காய்ச்சலோ சிறுநீரகத் தொற்றோ குறையவில்லை. அவர்கள் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நாட்கள் மட்டும் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்காயின. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும், அறிகுறி இல்லாத சர்க்கரை நோயாளிகளுக்கு இதைத் தேடிப் பரிசோதிக்கவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்றே சொல்கிறது. வீணாக மருந்து சாப்பிட்டால், நாளை உண்மையான தொற்று வரும்போது அதே மருந்துக்குக் கிருமி அடங்காமல் போகலாம். அறிக்கையில் சீழணுக்கள் என்று இருந்தாலும், தொந்தரவு இல்லாதவரை முடிவு இதுவே.

ஆனால் எரிச்சல், அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருதல், குளிர்காய்ச்சல், விலா வலி, வாந்தி இவற்றில் எது வந்தாலும் அன்றே போய்ப் பாருங்கள். சிறுநீர்ப் பாதையில் இரத்தம் கசியக்கூடிய அறுவைச் சிகிச்சை ஏதேனும் செய்ய நேர்ந்தால், இந்த அறிக்கையை முன்கூட்டியே காட்டுங்கள். கர்ப்பத்தோடு சர்க்கரையும் உள்ள பெண்ணுக்குக் கர்ப்பிணியின் விதிதான் பொருந்தும்.

ஆய்வக நுட்பர், சிவகங்கை

மருமகளுக்கு மருந்து முடிந்தபின் மறுகல்ச்சர் எடுக்கச் சொல்லலாம். அப்போது முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை மட்டும் ஆய்வகம் தரும் புட்டியில் பிடிக்க வேண்டும். வீட்டுப் பாட்டிலில் பிடித்து, வெயிலில் பேருந்தில் இரண்டு மணி நேரம் கொண்டுவந்தால், இல்லாத கிருமியும் பெருகிவிடும்.

தேவகோட்டை வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. மருத்துவரிடம் பேசினோம், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, ஏழு நாள் கணக்கை முழுமையாக முடிக்கச் சொன்னார். முடிந்து ஒரு வாரம் கழித்து மறுகல்ச்சர். பள்ளத்தூர் தங்கை எழுதியதைச் சம்பந்தி ஆச்சிக்கும் படித்துக் காட்டினேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையை எடுத்து மகளின் கையில் கொடுத்தது அவர்கள்தான்.