வங்கி வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்த நாள் எது?

2020 ஏப்ரல் 1 அன்று பத்து அரசு வங்கிகள் நான்காக இணைந்தன. அதில் ஒன்றில் நான் கேஷ் கவுண்டரில் இருந்தேன். சாஃப்ட்வேர் மாறிய வாரம் பென்ஷன்காரர்கள் வாசல்படி வரை நின்றார்கள். பழைய மெனு நம்பரை விரல் தானாக அடிக்கும், திரையில் எரர் வரும். சரி, அதெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிட்டது.

பழகாதது இன்ஷூரன்ஸ் டார்கெட். தினமும் மாலை வட்டார அலுவலகத்திலிருந்து ஒரே கேள்வி: "இன்னைக்கு எத்தனை பாலிசி?" 2024 கடைசியில், முதிர்ந்த டெபாசிட்டைப் புதுப்பிக்க ஒரு பாட்டி வந்தார். மேலாளர் சொன்னபடி, அந்தப் பணத்தை இன்ஷூரன்ஸ் பாலிசியில் போட, நான்தான் ஃபாரத்தில் அவரிடம் கைநாட்டு வாங்கினேன். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்றால் பெரும்பாலும் முழுப் பணமும் திரும்பிவிடும். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. மறு வருடம் பிரீமியம் கட்டச் சொல்லி மெசேஜ் வந்ததும் மஞ்சள் பையோடு வந்து நின்றார். "நீ சொன்னியேன்னுதானே தம்பி வச்சேன்" என்றார். குரல்கூட உயரவில்லை. அன்று இரவே வேலையை விடும் கடிதம் எழுதிவிட்டேன், இன்னும் கொடுக்கவில்லை. வங்கிக்காரர்கள் வேலைப்பளுவால்தான் விடுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான்.

மறுமொழி:
நான் 2019இல் பி.ஓ.வாக (பயிற்சி நிலை அதிகாரி) வங்கியில் சேர்ந்தேன். வடக்கே ஒரு கிராமக் கிளை, எனக்கு இந்தி வராது. கடன் வசூலுக்குப் போனால் கடன் வாங்கியவர் பேசுவதைக் கடைநிலை ஊழியர்தான் எனக்குச் சொல்லுவார். குழந்தை பிறந்த பிறகும் இடமாற்றம் கிடைக்கவில்லை. குரூப் 2 தேர்வு எழுதி மாநில அரசு வேலைக்கு வந்துவிட்டேன். சம்பளம் குறைவுதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் நெஞ்சு பதறுவதில்லை.

மறுமொழி:
கவுண்டர் தம்பிக்கு, ஓய்வுபெற்றவன் எழுதுகிறேன். என் கிளையில் 26 வருடச் சர்வீஸ் உள்ள ஒருவர் கோபத்தில் 'ராஜினாமா' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையால் பென்ஷன் போயிற்று. 2010 ஏப்ரலுக்கு முன் சேர்ந்து பழைய பென்ஷனில் இருப்பவர்கள், 20 வருடம் முடிந்திருந்தால், மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து 'விருப்ப ஓய்வு' என்றே கேட்க வேண்டும். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

மறுமொழி:
ராஜினாமா என்றுதான் ஐயா. 24 வருடச் சர்வீஸ். இப்போதே கிழித்துவிடுகிறேன். அந்தப் பாட்டி பெயரில், முதலில் வங்கிக்கும், அங்கே தீராவிட்டால் ஆம்புட்ஸ்மேனுக்கும் (வங்கிப் புகார்களைத் தீர்க்கும் ரிசர்வ் வங்கி அதிகாரி) கொடுக்க, நடந்ததை அப்படியே எழுதி, சாட்சியாக என் கையெழுத்தோடு புகார் தயார் செய்கிறேன். அது போன பிறகுதான் என் கடிதம்.