கிராபிக்ஸ் கார்டு மாட்டினதும் கம்ப்யூட்டர் பொட்டியில படம் வரல, அவசரம்

சிப்புட்_தம்பி:
அண்ணே, யாராச்சும் இருக்கீங்களா? கார்டு மாட்டினேன், ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. ஈப்போவுல செகண்ட் ஹேண்டா வாங்கினது, கடையில ஓட்டிக் காட்டித்தான் குடுத்தாங்க. அக்காவோட அசைன்மெண்ட் பூரா இதுக்குள்ளதான் இருக்கு, நாளைக்குக் காலையில அனுப்பணும். நான் சுங்கை சிப்புட். இந்த நேரத்துக்கு இங்க ஒரு கடையும் இல்ல.

லூனாஸ்காரன்:
எந்த கார்டு? பவர் சப்ளை எத்தனை வாட்? ஃபேன் சுத்துதா?

கிரியான்22:
ரேம்தான். எனக்கு மூணு தடவ இப்படி ஆச்சு, மூணு தடவையும் ரேம். கழட்டி அந்தத் தங்கக் காலை அழிப்பானால தேச்சு, டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க.

பழைய_சாலிடர்:
கார்டு பேரு இல்ல, மதர்போர்டு பேரு இல்ல, வாட் இல்ல. டாக்டர்கிட்ட போயி வலிக்குதுன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்தா அவர் எங்கன்னு பார்ப்பாரு? தினம் ஒருத்தருக்கு இதையே சொல்றேன். மானிட்டர் ஒயரை கார்டுல சொருகினியா, பழைய இடத்துலயே விட்டுட்டியா?

சிப்புட்_தம்பி:
ஆர்எக்ஸ் 580. ஒயரு கார்டுலதான். ஃபேன் சுத்துது. பவர் சப்ளையில 300ன்னு இருக்கு. கார்டுக்குப் போற ஒயரு அதுல இல்ல, கடையில குடுத்த மாத்து ஒயரைப் போட்டேன்.

லூனாஸ்காரன்:
300-ஆ! அந்த கார்டு மட்டுமே 185 வாட் இழுக்கும். கார்டு சொருகற சிலாட்ல 75 வாட்டுதான் வரும், மிச்சம் அந்த 8 பின் ஒயர்ல வரணும். 500 வாட் சப்ளை வேணும் தம்பி. ஹார்ட் டிஸ்க் ஒயர்லேருந்து ஒட்டுப் போட்டா சூடாகி உருகிடும். மொதல்ல சுவிட்சை அடைச்சுட்டு பிளக்கைப் பிடுங்கு.

எஸ்டேட்_அங்கிள்:
கரண்டுதான் காரணம். தோட்டத்துல எங்களுக்கு ஜெனரேட்டர் கரண்டு, ராத்திரியில அடைச்சிடுவாங்க. எத்தன ரேடியோ கெட்டு ரோசாக் ஆயிருக்கு! ஸ்டெபிலைசர் வைங்க.

லூனாஸ்காரன்:
அங்கிள், அது அந்தக் காலம் லா. இப்ப 230 வோல்ட் மெயின் லைன். இடிக்கு வேணா பயப்படலாம்.

எஸ்டேட்_அங்கிள்:
லைன் வந்துச்சு, வீட்டு ஒயரிங் மாறிச்சா? எர்த் இருக்கா? எங்க லயத்து வரிசை வீட்டுல ஐஸ் பெட்டியத் தொட்டாலே சுர்ருன்னு இழுக்கும்.

கிரியான்22:
லயமெல்லாம் இடிச்சு எல்லாரும் தாமான் குடியிருப்புக்கு வந்தாச்சே.

எஸ்டேட்_அங்கிள்:
எல்லாரும் வரல. என் தங்கச்சி இன்னும் அங்கதான் இருக்கு.

பழைய_சாலிடர்:
கரண்டு கதைய அப்புறம் பேசலாம். தம்பி, கார்டைக் கழட்டிட்டு மானிட்டரை போர்டுல மாட்டு. வருதா? வரலைன்னாலும் ஃபைல் போகாது. ஹார்ட் டிஸ்க்கை வேற பொட்டியில மாட்டி எடுத்துக்கலாம், அக்காகிட்ட சொல்லு.

சிப்புட்_தம்பி:
கழட்டியும் வரல!! காலையில நல்லாத்தான் ஓடுச்சு.

பழைய_சாலிடர்:
அப்ப கார்டு காரணமில்ல. கைய விட்டு அமுக்கறப்ப எதையோ இழுத்துட்ட. புராசசர் பக்கத்துல, போர்டு ஓரமா, 4 பின் ஒயரு தனியா ஒண்ணு வரும். அது கழண்டா ஃபேன் சுத்தும், படம் வராது. பிளக்கைப் பிடுங்கிட்டுப் பாரு.

கிரியான்22:
ரேமையும் ஒரு தடவ பாரு.

சிப்புட்_தம்பி:
அந்த 4 பின்தான்ணே. பாதி கழண்டு நின்னுச்சு. வந்துருச்சு. அக்கா ஃபைலை எடுத்துட்டாங்க. நன்றி.

லூனாஸ்காரன்:
நல்லது. ஆனா அந்த மாத்து ஒயர்ல கார்டைத் திரும்ப மாட்டாத. 500 வாட் வாங்கற வரைக்கும் அலமாரியில இருக்கட்டும். சரியா தம்பி?

லூனாஸ்காரன்:
தம்பி, இருக்கியா? மாட்டலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.